மூன்று சென்ட் சிப்பும் முப்பது தலைவலியும்

கே: 40 மாணவர்களுக்கு, இருட்டினால் தானாக எரியும் எல்இடி விளக்கு செய்யக் கற்றுத்தரப் போகிறேன். பிஎம்எஸ்150சி சிப் (புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி மைக்ரோகன்ட்ரோலர்) 3 சென்ட்தானாமே, அதையே வாங்கலாமா?
– ஆசிரியர், தேனி

வேண்டாம். அதில் ஒரே ஒரு முறைதான் புரோகிராம் எழுத முடியும். பையன் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டால் சிப் குப்பைக்கு. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியும் கிடையாது, இரண்டு மின்னழுத்தங்களில் எது பெரிது என்று சொல்லும் கம்பேரேட்டர் மட்டும்தான். அழித்து எழுதக்கூடிய பிஎஃப்எஸ்154 அதற்கு அண்ணன் முறை. ஆனால் இரண்டுக்குமே தனிப் புரோகிராமர் (சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி) தேடி அலைய வேண்டும். ஒரே பொம்மையை ஆயிரக்கணக்கில் செய்கிறவர்களுக்கான சரக்கு இது.

உங்களுக்கு சிஎச்32வி003 போதும். மொத்தமாக வாங்கினால் 10 சென்ட்டை ஒட்டி வரும். 16 கேபி ஃப்ளாஷ் (புரோகிராம் தங்கும் நினைவகம்), 2 கேபி ராம், 48 மெகாஹெர்ட்ஸ், 10 பிட் ஏடிசி, 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் ஓடும். 8 கால் உள்ள ஜே4எம்6 வகையையே கேளுங்கள். கால்களுக்கிடையே 1.27 மிமீ இடைவெளி இருப்பதால் மாணவர்களே சால்டர் வைத்துவிடலாம். 20 கால் டிஎஸ்எஸ்ஓபி வகையில் அது 0.65 மிமீதான், 40 பேர் வகுப்பில் அந்த வம்பு எதற்கு?

சிப் 50 வாங்குங்கள், 10 கருகினாலும் கவலையில்லை. புரோகிராமர் ‘டபிள்யூசிஎச் லிங்க்ஈ’ 2. கடைசியில் ‘ஈ’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய லிங்க் இந்தச் சிப்போடு பேசாது.

4ஆம் காலுக்கு 5 வோல்ட், 2ஆம் கால் கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே சிப்பை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் எல்டிஆரின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறு முனை 7ஆம் காலில். அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர். 5ஆம் காலில் 330 ஓம் வழியாகச் சிவப்பு எல்இடி. ஏடிசி அளவு 300க்குக் கீழே போனால் எரியட்டும், 450ஐத் தாண்டினால் அணையட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், விளக்கின் வெளிச்சமே எல்டிஆரில் பட்டு, எரிந்து அணைந்து துடித்துக்கொண்டே இருக்கும். எண்களை உங்கள் அறை வெளிச்சத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: அதே 8 கால் சிப்பில் 8ஆம் காலில் எல்இடி போட்டேன். முதல் தடவை ஓடியது. அதன்பின் புரோகிராமர் சிப்பையே காணோம் என்கிறது. செத்துவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

சாகவில்லை, வாயைக் கட்டிவிட்டீர்கள். புரோகிராம் ஏறும் பிடி1 என்ற இணைப்பு அந்த 8ஆம் காலில்தான் இருக்கிறது. பிடி4, பிடி5 இரண்டும் அதே காலில் உள்ளேயே இணைந்திருக்கின்றன. உங்கள் புரோகிராம் அதை அவுட்புட்டாக மாற்றியதும் வெளியிலிருந்து யாரும் பேச முடியாது. எல்இடியைக் கழற்றி, வேறு சப்ளை எதுவும் இல்லாமல் லிங்க்ஈயிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். சப்ளையை அணைத்துப் போட்டு ஃப்ளாஷை அழிக்கும் வசதி அதன் மென்பொருளில் உண்டு. இனிமேல் அந்தக் காலைத் தொட்டே ஆகவேண்டுமென்றால், புரோகிராமின் தொடக்கத்தில் 3 நொடி தாமதம் வையுங்கள், அதற்குள் புரோகிராமர் சிப்போடு பேசிவிடலாம்.

கே: ஏடிடைனி13ஏ சிப்பில் 1 நொடி தாமதம் எழுதினால் 8 நொடி ஆகிறது. ஏன்?
– மாணவி, ஈரோடு

உள் கடிகாரம் 9.6 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் கடையிலிருந்து வரும்போதே அதை 8ஆல் வகுக்கும் ஃப்யூஸ் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட், வீட்டு ஃப்யூஸ் அல்ல) போட்டிருக்கும். ஆக, உண்மையில் ஓடுவது 1.2 மெகாஹெர்ட்ஸ். கோடில் கடிகார வேகத்தைச் சொல்லும் எஃப்_சிபியு மதிப்பை 12,00,000 என்று (காற்புள்ளி இல்லாமல்) எழுதினால் போதும். ஃப்யூஸை மாற்றப் போனால் ரீசெட் காலை முடக்கும் ஃப்யூஸில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்தால், 12 வோல்ட் புரோகிராமர் இல்லாமல் மீட்க முடியாது.