மெரினாவில் நாலு பேர்: நடையும் பேச்சும் பற்றிச் சில கேள்விகள்

உழைப்பாளர் சிலையில் கூடி, கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது எங்கள் நாலு பேரின் காலை வழக்கம். பதினோரு வருஷமாகிறது. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: தனியாக நடந்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடுகிறது. நீங்கள் எப்படி ஐயா தினமும் போகிறீர்கள்? (பெரம்பூர்)

நான் எங்கே நடக்கப் போகிறேன்? பேசப் போகிறேன், கால் கூடவே வருகிறது. ஐந்து மணி அலாரத்துக்கு என்னை எழுப்புவது உடம்பு மேல் உள்ள அக்கறை இல்லை. 'அவன் சிலைகிட்ட வந்து நின்னுக்கிட்டு இருப்பானே' என்கிற நினைப்புதான்.

கேள்வி: தினமும் பேச அப்படி என்ன இருக்கும்? (திருவொற்றியூர்)

தம்பி, அந்தச் சாலையே பேச்சு எடுத்துக் கொடுக்கும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள் வழி நெடுக நிற்கின்றன. கண்ணகியைத் தாண்டும்போது, 2001-ல் எடுத்ததும் 2006-ல் திரும்ப வைத்ததும் சரியா தப்பா என்று எங்களுக்குள் இன்னும் முடியாத வாக்குவாதம் ஒன்று ஓடுகிறது. விவேகானந்தர் இல்லம் வந்தால், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அங்கே சேமித்து வைத்த கதையை நண்பர் ஒருவர் ஆரம்பிப்பார். நூறு தடவை கேட்டாயிற்று. ஆனாலும் 'அப்படியா!' என்போம்.

ஒருநாள் உழைப்பாளர் சிலையில் எத்தனை பேர் என்று பந்தயம். தினமும் அதனடியில்தான் சந்திக்கிறோம். ஆனால் இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள், ஐந்து என்று. பாறையைத் தள்ளுவது நாலு பேர்தான். அன்றைக்குச் சுக்கு காபி அவர்கள் செலவு.

கேள்வி: டாக்டர் வேகமாக நடக்கச் சொல்கிறார். பேசிக்கொண்டே போனால் அது பயிற்சியில் சேருமா? (வேளச்சேரி)

சேரும் அம்மா. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு மருத்துவர்களே சொல்லும் கணக்கு இது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது இப்படி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களில் ஒருவர் பழைய பாட்டின் சரணத்தை மூச்சு வாங்காமல் முடித்துவிட்டால், வேகம் போதவில்லை என்று தெரிந்துகொள்வோம். இதயக் கோளாறு இருந்தால் மட்டும் என்னைக் கேட்காமல் டாக்டர் சொல்கிற வேகத்தில் போங்கள்.

கேள்வி: நான் விறுவிறுவென்று நடப்பேன். தோழி மெதுவாக வருவாள். (அம்பத்தூர்)

மெதுவாக வருபவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். உங்களுக்குப் போதாதென்றால் கடைசியில் தனியாக ஒரு சுற்று போங்கள். இன்னொன்று: நாலு பேர் வரிசையாகப் போனால் பின்னால் வருபவர் திட்டுவார். நாங்கள் இரண்டிரண்டாகப் போவோம். கலங்கரை விளக்கத்தில் ஜோடி மாறும்.

கேள்வி: பழைய நண்பனோடு மனஸ்தாபம். உட்கார்ந்து பேசினாலே சண்டை. நடக்கக் கூப்பிடலாமா அண்ணா? (தாம்பரம்)

கூப்பிடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் அவன் முகம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்போம். நடக்கும்போது இருவர் கண்ணும் பாதையில். சொல்ல வந்தது பாதியில் நின்றாலும் கால் நிற்பதில்லை. சும்மா வந்தால்கூட 'ஏன் பேச மாட்டேங்கறே' என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் நண்பர் ஒருவருக்கு மனைவி தவறிப்போனார். காரியம் முடிந்த மறுநாளே நடக்க வந்துவிட்டார். ஆறுதல் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பத்து நாள் கிரிக்கெட், மின்கட்டணம் என்று எதையோ பேசினோம். ஒருநாள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து நொச்சிக்குப்பம் பக்கம் போனோம். படகு ஓரமாக வலையில் சிக்கிய மீனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையில் சங்கரா, செக்கச்செவேலென்று. "அவ இருந்தா வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பா" என்றார். அப்புறம் சிலை வரைக்கும் அவர்தான் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டு வந்தோம்.

உங்கள் நண்பரிடம் முதல் நாளே பழைய விஷயத்தை எடுக்காதீர்கள். நாலைந்து நடை போகட்டும்.

கேள்வி: போனை என்ன செய்வது? (மயிலாப்பூர்)

சைலண்டில் போட்டுச் சட்டைப் பையில். வீட்டிலிருந்து வந்தால் எடுக்கலாம்.

கேள்வி: சேலத்தில் கடலுக்கு எங்கே போவது?

கடல் எதற்கு? ஏரிக்கரை, பள்ளி மைதானம், மரம் உள்ள தெரு, எதுவும் போதும். பஸ் போகும் மெயின் ரோடு மட்டும் வேண்டாம். ஹாரன் சத்தத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்சு அந்த இடம் தாண்டியதும் தொடரட்டும்.

கேள்வி: மழைக்காலத்தில்? (கொளத்தூர்)

நடை கிடையாது, பேச்சு உண்டு. டீக்கடைச் சார்ப்புக்குக் கீழே நாலு பேரும் ஒட்டிக்கொண்டு நிற்போம். போன ஐப்பசியில் ஒருநாள் ஆறு மணிக்குப் பிடித்த மழை எட்டு வரை விடவில்லை. ஆளுக்கு மூன்று டீ. வீட்டுக்குப் போனால், "இவ்வளவு நேரம் எங்க நடந்தீங்க?"