கூட்டுப் பிரச்சாரத்துக்கு அனிமேஷன் டீசர்: எதிலிருந்து தொடங்குவது?

நான்கு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் பிரச்சாரத்துக்கு 30 விநாடி அனிமேஷன் டீசர் வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரைவதில் தொடங்காதீர்கள். முதலில் அனிமேடிக்: காட்சிகளை வரிசையாகக் காட்டும் ஸ்டோரிபோர்டு படங்களைத் தற்காலிகக் குரல், இசையோடு நேரக்கணக்குப்படி அடுக்கிய கச்சா வீடியோ. காரணம் எளிய கணக்குதான். விநாடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் நிலைப்படம்) என்றால் 30 விநாடிக்கு 720. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 360 படங்கள். அத்தனையும் வரைந்த பிறகு யாராவது “இந்தக் காட்சி வேண்டாமே” என்றால் உழைப்பு வீண். அனிமேடிக்கில் அது சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

ஆகவே நால்வரும் அனிமேடிக்கை ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த கட்டம். கருத்துகளைத் தொகுத்து இறுதி முடிவு சொல்ல ஒரே ஆள் இருக்கட்டும். லோகோ சண்டை வரும், வராமல் இருக்காது. எல்லா லோகோவையும் ஒரே அளவில் கடைசி 3 விநாடியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், டீசர் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேள்வி, ஒரு தேதி போதும். பலர் ஒலி இல்லாமலே பார்ப்பார்கள் என்பதால் முக்கிய வரி எழுத்தாகவும் வரட்டும். செல்போனுக்குச் செங்குத்து வடிவமும் வேண்டுமென்றால் முக்கிய உருவங்களை நடுவிலேயே வையுங்கள். 16:9 அகலப் படத்தை 9:16 செங்குத்துப் படமாக வெட்டும்போது ஓரத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.