முதல் பருவத்துப் பாடங்கள்: வாசகர் கேள்வியும் ஆசிரியை பதிலும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டின் தொடக்கத்தில் கற்கும் கணக்கையும் வாசிப்பையும் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவையே மிகுதி. இப்பகுதியில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ஆசிரியை, அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறார்.

என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் அ, ஆ தொடங்கவில்லை. ட, ப, ம என்று மூன்று எழுத்துகளையே சுற்றிச்சுற்றி எழுதுகிறாள். கணக்கிலும் ஒன்பதைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரை எழுதுகிறான். பள்ளியில் அசட்டையாக இருக்கிறார்களோ என்று கவலையாக இருக்கிறது.
— ஒரு தாய், காரைக்குடி

அசட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. அ என்னும் எழுத்தை நீங்களே ஒருமுறை, ஐந்து வயதுக் கையால் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், பிறகு கீழே இறக்க வேண்டும். இ அதைவிடப் பொல்லாதது. ட எழுத ஒரு நெடுங்கோடும் ஒரு கிடைக்கோடும் போதும். ப எழுத இன்னும் ஒரு கோடு. பென்சில் பிடிக்கவே இப்போதுதான் பழகும் விரல்களுக்கு இதனால் எவ்வளவோ சுமை குறைகிறது.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. ட, ப, ம என்ற மூன்றையும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி வரும் என்பதையும் அறிந்த குழந்தை, படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே சொற்களைப் படித்துவிடும். உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையால், அந்தப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர வேறெதையும் படிக்க இயலாது. எழுத்துகள் கூடினால் சொல்லாகும், அந்தச் சொல் தான் வாயால் சொல்லும் அதே சொல்தான் என்ற தெளிவு வருவதே முதல் பருவத்தின் தலையாய வேலை. அகரத்தில் தொடங்கி நல்ல முறையில் கற்பிக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களை நான் குறை கூற மாட்டேன். எந்த வழியில் சென்றாலும் 247 எழுத்துகளுக்கும் போய்ச் சேரத்தான் வேண்டும்.

இனி ஒன்பதுக்கு வருவோம். நூறு வரை எழுதுவதும் ஏழு என்றால் என்ன என்று அறிவதும் வெவ்வேறு. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏழு புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்தவுடன் "எத்தனை இருக்கின்றன?" என்று கேளுங்கள். "ஏழு" என்று உடனே சொன்னால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் பெயர் என்பது குழந்தைக்குப் புரிந்திருக்கிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் புரியவில்லை. பிறகு அவற்றைச் சற்று விலக்கிப் பரப்பி வைத்து, "இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். கூடிவிட்டது என்று பல குழந்தைகள் சொல்லும். நூறு வரை மூச்சுவிடாமல் எழுதுகிற பிள்ளைகளிலும் இப்படிச் சொல்பவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் கேட்பது நல்லது.

ஏழு என்பது ஐந்தும் இரண்டும், ஆறும் ஒன்றும், நான்கும் மூன்றும் என்று விரல் விடாமல் சொல்ல வந்துவிட்டால், பின்னால் வரும் கூட்டலும் கழித்தலும் பாதிக்கு மேல் முடிந்தது போலத்தான். இதற்கு உங்கள் வீட்டுப் பரணிலேயே ஒரு கருவி கிடக்கும், பல்லாங்குழியைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஒன்றாக முத்துப் போட்டுக்கொண்டே போகும்போது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பழக்கம் கையில் படிந்துவிடும். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்ளும் முறையில் ஆடினால், நான்கை எண்ணிப் பார்க்காமல் பார்வையிலேயே அடையாளம் காணும் திறன் வரும், ஏனெனில் எண்ணிக்கொண்டிருப்பவளின் பசுவை எதிராளி கொண்டுபோய்விடுவாள். வெறுங்குழியைத் துடைத்து அடுத்த குழியை எடுக்கும்போது, ஒன்றும் இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு என்று பூஜ்ஜியமும் அறிமுகமாகிவிடுகிறது. இந்த அட்டையை, இந்தக் காணொளியை வாங்குங்கள் என்று விளம்பரங்கள் வருகின்றன. முதலில் பரணில் ஏறிப் பாருங்கள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு மாலையில் நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். லை, னை எழுத்துகளை நான் எழுதினால் "அப்பத்தா, இது தப்பு" என்கிறான். எனக்குக் கொம்பு போட்டு எழுதித்தான் பழக்கம். யார் எழுதுவது சரி?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

நீங்கள் கற்ற நாளில் நீங்கள் எழுதுவது சரி; இன்று அவன் எழுதுவது சரி. ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் யானைத் துதிக்கை போல மேலே ஒரு வளைவு இட்டு எழுதிவந்தோம். ணா, றா, னா ஆகியவற்றுக்கும், அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்டு வந்த எளிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. மொத்தம் 13 எழுத்துகள் மாறின. இப்போதைய பாடநூலில் புதிய வடிவம் மட்டுமே இருப்பதால், கற்பிக்கும்போது அதையே எழுதுங்கள். தாத்தா எழுதிய பழைய கடிதமோ திருமண அழைப்போ வீட்டில் இருந்தால், இந்த ஆண்டு கழியட்டும், பிறகு எடுத்துக் காட்டுங்கள். அப்போது அவன் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டான்.

எழுத்து வடிவத்தைவிட, கெ, கே, கை ஆகியவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றும் ஒலி பின்னால் வருவதுதான் இந்த வயதில் பிள்ளைகளைக் குழப்பும். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் குறி. உங்கள் நேரத்தை அதில் செலவிடுங்கள்.

என் தகப்பனார் எட்டு வயதுக்குள் முந்திரி, காணி, மாகாணி என்ற பழைய பின்னங்களையெல்லாம் ஒப்பிப்பாராம். வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறியபோதே வட்டிக் கணக்கை வாயால் போடுவாராம். இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கொடுப்பதே ஆண்டின் தொடக்கப் பாடமாக இருக்கிறதே?
— ஒரு பெரியவர், பள்ளத்தூர்

ஐயா, உங்கள் தகப்பனார் கற்றது அவர் செய்யப்போகும் தொழிலுக்கான கல்வி. 16 அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில், மாகாணி என்ற 1/16 பங்கு ஓரணாவையே குறிக்கும்; அரைக்கால் என்ற 1/8 பங்கு இரண்டணா. ஆகவே அந்த வாய்பாடு அன்றாடம் கைக்கும் பெட்டிக்கும் நடுவே புழங்கியது. 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தபின், 1/320 ஆகிய முந்திரியையும் 1/80 ஆகிய காணியையும் ஒப்பிக்க வேண்டிய தேவை அற்றுப்போனது. அந்தக் கல்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலை ஒப்பித்த திண்ணைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் அரிதாகவே உட்கார்ந்தார்கள். ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துக் கற்பிக்கும்போது நடை சற்று நிதானமாகத்தான் இருக்கும்.

மூன்றிலக்க எண் எளிதான பாடமும் அன்று. 305 என்று சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளை, முந்நூறை முழுதாக எழுதிப் பக்கத்தில் ஐந்தை வைக்கிறது. காதில் கேட்டதை அப்படியே எழுதுவதால் வரும் பிழை இது. அதைத் திருத்த நாள் பிடிக்கும். வாய்பாட்டை நெட்டுருப் போடுவதில் எனக்கும் மறுப்பில்லை, பொருள் தெரிந்தபின் போட்டால். உங்களுக்கு அரைப்படி, கால்படி வீட்டில் இருக்குமானால், பேரப்பிள்ளையை அரிசி அளக்கச் சொல்லுங்கள். பின்னம் அவனுக்குப் புத்தகத்தில் வருவதற்கு முன் கையில் வந்திருக்கும்.

மகன் மூன்றாம் வகுப்பு. ஒரு பத்தியைப் படித்து முடித்தபின் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். பள்ளியில் அவனை 'அரும்பு' நிலையில் வைத்திருக்கிறார்களாம். கீழே தள்ளிவிட்டார்கள் என்று மனைவி வருந்துகிறாள்.
— ஒரு தகப்பன், கோட்டையூர்

அரும்பு, மொட்டு, மலர் என்பவை தேர்ச்சிப் பட்டங்கள் அல்ல. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022–23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளியையே காணாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட இப்போது எதை அறிந்திருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆண்டின் தொடக்கத்தில் அரும்பில் இருப்பவன் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பான் என்று பொருளில்லை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்; பிள்ளை முன்னால் அந்தச் சொல்லை வைத்து வருந்த வேண்டாம்.

படித்தது புரியாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது வேகம். "வ-ந்-து-கொ-ண்-டி-ரு-ந்-தா-ன்" என்று எழுத்தெழுத்தாக ஏறிப் போகிறவன், கடைசி எழுத்துக்குப் போய்ச் சேரும்போது முதல் எழுத்தை மறந்திருப்பான். அவன் மனம் முழுவதும் எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. இதற்குப் புதிய பாடம் புதிய பாடமாகத் தாவாமல், ஒரே சிறு பத்தியை மூன்று நாள் படிக்க விடுங்கள். மூன்றாம் நாளில் சொற்கள் முழுமுழுதாக வரும். அப்போது பொருளும் கூட வரும்.

இரண்டாவது காரணத்தைப் பெற்றோர்கள் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் அவன் "அங்கன வந்துக்கிட்டு இருந்தான்" என்று பேசுகிறான். புத்தகம் "அங்கே வந்துகொண்டிருந்தான்" என்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது, பாதி அயல்மொழி. பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்போது கவனியுங்கள்: ஊரார் வாயில் 'குன்னக்குடி', பேருந்துப் பலகையில் 'குன்றக்குடி', வாயில் 'பிள்ளார்பட்டி', பலகையில் 'பிள்ளையார்பட்டி'. தான் அறிந்த ஊர்ப் பெயரைப் பலகையில் படித்து, "இதுதானா அது!" என்று பிள்ளை சொல்கிற நொடியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பாலம் விழுகிறது. வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் நீங்கள் கதைப் புத்தகத்தை உரக்கப் படியுங்கள், அவன் அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். படிக்கிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்வதால் அவன் முழுக் கவனமும் பொருளில் இருக்கும். நீங்கள் படித்ததை நன்றாகத் திருப்பிச் சொல்லிவிட்டானானால், குறை வேகத்தில்தான் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கில வழியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், தர்ட்டீனையும் தர்ட்டியையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். வீட்டில் தமிழில் எண்ணினால் இன்னும் குழம்புவாளா?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

தமிழில் எண்ணினால் தெளிவாள். பதின்மூன்று என்ற பெயருக்குள்ளேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன. முப்பது என்றால் மூன்று பத்து. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் பத்து இருப்பதே குழந்தையின் காதுக்குத் தெரியாது; தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் வேறுபாடு வால் ஒலியில் மட்டும். தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுப் போட்டு ஓர் ஓலைக் கொட்டானில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையும் மூன்று குச்சிகளையும் எடுத்துப் "பதின்மூன்று, தர்ட்டீன்" என்றும், மூன்று கட்டுகளை எடுத்து "முப்பது, தர்ட்டி" என்றும் சொல்லி அவள் கையில் கொடுங்கள். ஒரு வாரம் போதும்.

தமிழிலும் ஓரிடத்தில் பள்ளம் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பின் "எண்பத்துப்பத்து" என்று சொல்லாத பிள்ளையை நான் கண்டதில்லை. தொண்ணூறு என்ற பெயரில் நூறு ஒலிக்கிறதே தவிர ஒன்பதும் பத்தும் ஒலிக்கவில்லை. தொள்ளாயிரமும் அப்படியே ஆயிரத்தை ஒலிக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் மட்டும் தனியே சொல்லிப் பழக்க வேண்டும்.

முதல் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் வைக்கலாமா?
— வாசகர், புதுவயல்

வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் விளையாடட்டும்.

கணக்குப் புத்தகத்தில் 'அமைப்புகள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பூ, இலை, பூ, இலை என்று படம் ஒட்டச் சொல்கிறார்கள். இது கணக்கா, கைவேலையா?
— ஒரு தாய், கோனாபட்டு

கணக்குதான். அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்லவும், ஏன் அதுதான் வரும் என்று காரணம் காட்டவும் பழகுவதே அந்தப் பாடம். இரண்டு, நான்கு, ஆறு என்ற வாய்பாட்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. படம் ஒட்டுவதோடு நிறுத்தாமல், "பத்தாவதாக என்ன வரும்?" என்று கேட்க வேண்டும். வாசலில் புள்ளிக் கோலம் இடும்போது, வரிசைக்கு எத்தனை புள்ளி குறைகிறது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தில், பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் பதித்திருந்தால் இன்னும் நல்லது. நான்கு கற்கள் சேர்ந்து ஒரு முழுப் பூ ஆகிற இடத்தில் பிள்ளையை நிற்க வைத்து, ஒரு கல்லின் மேல் செய்தித்தாளை விரித்து மூடிவிட்டு, அடியில் இருப்பதை வரையச் சொல்லுங்கள். வரைந்தபின் தாளை அவளே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.