வாசகர் கேள்வி: "என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை"

கேள்வி: அக்கா, தேர்வில் தவறிப் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்கான சின்ன மாற்றுப் பள்ளி ஒன்றை மூன்று மாதமாகப் பொறுப்பேற்று நடத்துகிறேன். மொத்தம் 28 பேர். நேரம், சீருடை, போன் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டேன். பாதிப் பேர் வருவதே இல்லை, வருகிறவர்களும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: தங்கச்சி, சட்டம் இருக்கட்டும், ஆனால் அதையே முதலில் நீட்டிவிட்டீர்கள். முன்பெல்லாம் தொடக்கப் பள்ளி முடிவில் வருகிற சிபிஇ தேர்வில் தவறினால் 11, 12 வயதிலேயே பிள்ளையைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். 2017-இல் அது போய் பிஎஸ்ஏசி என்ற தேர்வு வந்தது, தேறாதவர்களும் இடைநிலைப் பள்ளியின் மூன்று வருடப் பாடத்தை நான்கு வருடத்தில் படிக்கலாம் என்றார்கள், இருந்தாலும் 'நீ தேறாதவன்' என்ற சொல் காதில் விழுந்தது விழுந்ததுதான். அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது, இவரும் நம்மைத் துரத்திவிடுவாரா என்று.

அப்படிப் பிரித்துவிட்ட பிள்ளைகளுக்கான ப்ரீவொக்கேஷனல் வகுப்பை நான் எடுத்த காலத்தில், கடலோர ஊரான மாயெபூர் பக்கத்துப் பையன் ஒருவன் தினமும் முதல் பாடத்தில் மேசையில் கவிழ்ந்து தூங்குவான். எத்தனை நாள் வெளியே நிறுத்தியிருக்கிறேன்! ஒருநாள்தான் அவன் கையைக் கவனித்தேன், விரலெல்லாம் வலைக் கயிறு அறுத்த கோடு. விடியுமுன் அப்பாவோடு படகில் போய்விட்டு வருகிறான். அப்புறம் முதல் பாடத்தில் அவனுக்குத் தேநீர் கொடுத்தேன், கணக்கை மீனை வைத்துப் போட்டோம், எடை, விலை, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று. படகில் பங்கு பிரிக்கிற முறையை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

சரி, நாளைக் காலை அலுவலக அறையை விட்டு கேட்டில் நில்லுங்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கிரியோலில் 'கி மானியேர்?' (எப்படி இருக்கிறாய்?) என்று கேளுங்கள், பதில் வராவிட்டாலும் மறுநாளும் கேளுங்கள். வீட்டில் பேசுகிற அந்தக் கிரியோல் மொழியிலேயே பேசினால் தடுக்காதீர்கள், 2012 முதல் தொடக்கப் பள்ளியிலேயே அது விருப்பப் பாடம். வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து போன் சட்டத்தை அவர்களே எழுதட்டும். உங்களுக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள், கேட்டுவிட்டு நீங்களே மாற்றினால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே போங்கள், புகாரோடு வேண்டாம், அவன் நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றை அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கூட வேலை செய்கிற ஆசிரியர்கள் 'செல்லம் கொடுக்கிறீர்கள்' என்பார்கள். அவர்களையும் முறைவைத்து கேட்டில் நிற்கச் சொல்லுங்கள்.