ஆசிய சாம்பியனாக இருந்த ஜப்பான், 2024 ஃபுட்சால் (அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) உலகக் கோப்பையில் ஏன் ஆடவில்லை?

சாம்பியன் பட்டம் உலகக் கோப்பைக்கு நுழைவுச்சீட்டு அல்ல. 2022-இல் ஆசியக் கோப்பையை வென்ற ஜப்பானும் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

உஸ்பெகிஸ்தானில் நடந்த அந்த உலகக் கோப்பையில் மொத்தம் 24 அணிகள். ஐரோப்பாவுக்கு 7, தென் அமெரிக்காவுக்கு 4, வட, மத்திய அமெரிக்கா, கரீபியனுக்கு 4, ஆப்பிரிக்காவுக்கு 3, ஓசியானியாவுக்கு 1. மிச்சம் 5 ஆசியாவுக்கு; அதில் ஒன்று போட்டியை நடத்தும் உஸ்பெகிஸ்தானுக்கே போய்விட்டது.

ஆசியா தனியாக ஒரு தகுதிச் சுற்று வைக்கவில்லை. ஏப்ரலில் பாங்காக்கில் 16 அணிகள் ஆடிய ஆசியக் கோப்பையே தகுதித் தேர்வும் ஆனது. ஜப்பான் இருந்த பிரிவிலிருந்து தஜிகிஸ்தானும் கிர்கிஸ்தானும் காலிறுதிக்குப் போயின. அதோடு ஜப்பானின் கதை முடிந்தது. ஒரு பிரிவில் மூன்றே ஆட்டங்கள். ஒருநாள் சறுக்கினால் எழுந்துகொள்ள நேரமே இல்லை. எனக்கு இது சற்றுக் கொடூரமாகவே படுகிறது.

அரையிறுதிக்கு வந்த ஈரான், தாய்லாந்து, தஜிகிஸ்தான் மூன்றும் தகுதி பெற்றன. நான்காவது அரையிறுதி அணி உஸ்பெகிஸ்தான் என்பதால் ஓர் இடம் மீந்தது. அதற்காகக் காலிறுதியில் தோற்ற நான்கு அணிகளும் மோதின. கடைசியில் கிர்கிஸ்தானை வென்று ஆப்கானிஸ்தான் முதல்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. பிரிவுச் சுற்றிலேயே வெளியேறிய ஜப்பானுக்கு அந்தக் கடைசிக் கதவும் திறக்கவில்லை.