பட்டு முதுகில், காற்று வயிற்றில்

கல்யாண வீட்டுச் செல்லங்களுக்கு உடை தைப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்

வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். மண்டபம் மதுரையில். எங்கள் லேப்ரடாருக்கு (ஆண், 4 வயது) பட்டு வேஷ்டி, சட்டை தைக்கலாம் என்று ஆசை. தெரு முனை டெய்லர் அளவு கேட்கிறார். எங்கே, எப்படி அளப்பது? எவ்வளவு துணி வாங்குவது?
– மாப்பிள்ளையின் அக்கா, மதுரை

வேஷ்டி வேண்டாம். பின்னங்கால்களைச் சுற்றிக் கட்டும் எந்தத் துணியும் ஆண் நாய்க்குப் பத்தாவது நிமிடமே நனையும். வாலை ஆட்ட முடியாது, உட்காரும்போது இழுக்கும். கை வைத்த சட்டையும் வேண்டாம். அக்குளில் தையல் உரசி, மறுநாள் அங்கே தோல் சிவந்திருக்கும். இரண்டுக்கும் மாற்றாக, வேஷ்டிக் கரை வைத்த முதுகுப் போர்வை தைக்கச் சொல்லுங்கள். படத்தில் அங்கவஸ்திரம் போட்ட மாதிரியே தெரியும்.

நாயை நிற்க வைத்து அளக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் மார்பளவு மாறிவிடும். மூன்று அளவுகள் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஒன்று, கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகு நீளம் ஒன்று, ஒரு தோளிலிருந்து மார்பெலும்பு வழியாக மறு தோள்வரை ஒன்று. டேப்பை இறுக்கவேண்டாம், முடி அமுங்காமல் படிந்தால் சரி.

உங்கள் நாயின் மார்பு 30 இன்ச், முதுகு 23 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்க 2 இன்ச் தளர்வு சேர்த்தால் சுற்றளவு 32. அதில் பாதி, அதாவது 16 இன்ச், போர்வையின் அகலம். நீளம் 20 போதும், வால் பக்கம் 3 இன்ச் விட்டுவிடுங்கள். எல்லாப் பக்கமும் அரை இன்ச் தையலுக்கு விட்டு, 21க்கு 17 வெட்ட வேண்டும். கழுத்துப் பக்க ஓரத்தின் நடுவில் 5 இன்ச் அகலத்துக்கு இரண்டரை இன்ச் ஆழமாக ஒரு வளைவு. வயிற்றுப்பட்டி மீதி 16 இன்ச்சோடு ஒன்றன்மேல் ஒன்று படிய 3 சேர்த்து 19, தையலோடு 20. இந்தப் பட்டிக்கு 6 இன்ச் அகலம் வெட்டி மடித்துத் தைத்தால் இரண்டரை இன்ச் கிடைக்கும். அதைவிடக் குறுகலானால் கயிறு மாதிரி அறுக்கும். தோளிலிருந்து தோளுக்குப் போகும் முன்பட்டியும் அதே அகலம். அது தொண்டையில் படாமல் மார்பெலும்பில் படிய வேண்டும்.

44 இன்ச் பன்னா (அகலம்) துணியில் மேலுக்கு அரை மீட்டர், உள்ளே கொடுக்க மெல்லிய மல் காட்டன் அரை மீட்டர். பட்டிகளும் இதிலேயே வந்துவிடும். மேல் துணிக்கு மெல்லிய காட்டன் சில்க் நல்லது. கனத்த காஞ்சிப் பட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், பாலியெஸ்டர் அதைவிட மோசம். ஜரிகைக் கரையைப் பக்கவாட்டு ஓரங்களில் மட்டும் வையுங்கள், கழுத்து வளைவில் கூடாது. ஜரிகையின் பின்புறம் கம்பி மாதிரி குத்தும் என்பதால் மல் துணி அதை முழுதாக மூடியிருக்க வேண்டும். டெய்லர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். வாங்கும்போதே உள்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள்.

மூடுவதற்கு 2 இன்ச் வெல்க்ரோ. முரட்டுப் பக்கம் அடியில் வரும் பட்டியில் வெளியைப் பார்த்தும், மெத்துப் பக்கம் மேலே வருவதில் உள்ளே பார்த்தும் இருக்க வேண்டும். மாற்றித் தைத்தால், சற்று விலகினாலும் முரட்டுப் பக்கம் முடியில் ஒட்டி, பிரிக்கும்போது கொத்தாகப் பிடுங்கும். இணைப்பு விலாப் பக்கம் வரட்டும், வயிற்று நடுவில் வந்தால் படுக்கும்போது அழுத்தும். வெல்க்ரோ பிரியும் ‘சர்ர்’ சத்தத்துக்கே மிரளும் நாய்களுக்கு டிச் பட்டன் நான்கு வைத்துவிடலாம்.

போட்டதும் இரண்டு விரல் பட்டிக்குள் தாராளமாக நுழைய வேண்டும். பிறகு உட்கார வையுங்கள், படுக்க வையுங்கள், இரண்டு படி ஏற்றுங்கள், காலைத் தூக்கி ஒருமுறை சிறுநீர் கழிக்கட்டும். பட்டி நனைந்தால் அது பின்னால் போயிருக்கிறது என்று பொருள். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளித்தான் அது இருக்க வேண்டும்.

இனி வெயில். நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம் உண்டு. மற்றபடி சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்புதான். வயிறும் தொடையிடுக்கும் முடி குறைந்த இடங்கள், அவை மூடப்படாமல் இருப்பதே இந்தப் போர்வையின் லாபம். ஆனாலும் மதுரை வைகாசிக்கு அரை மணி நேரமே எல்லை. முகூர்த்தப் படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பானால் உடனே உடையை அகற்றி நிழலில் நிறுத்தி, சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்றி மின்விசிறியின் கீழ் வையுங்கள். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

ரெடிமேட் ஷெர்வானி, தலைப்பாகையோடு வாங்கிவிட்டோம். எங்களுடையது பக் வகை நாய்.
– சென்னை வாசகர்

தலைப்பாகையை மாப்பிள்ளைத் தோழனுக்குக் கொடுத்துவிடுங்கள். பக், ஷிட்சு, புல்டாக் வகைகளுக்கு மூக்குப் பாதை பிறவியிலேயே குறுகல், உடையில்லாமலே சாதாரண வெயிலில் திணறும். நிமிர்ந்த காலர் அந்தத் தடித்த கழுத்தை இன்னும் நெரிக்கும். ஷெர்வானியின் காலரையும் கைகளையும் வெட்டிவிட்டு, உள்துணியை உரித்துவிட்டு, முதுகுப் பகுதியை மட்டும் மார்புப்பட்டையின் (ஹார்னஸ்) மேல் டிச் பட்டனால் மாட்டலாம். ஏ.சி. ஹாலில் பத்து நிமிடம். வெளியே வேண்டாம்.

உடை போட்டதும் எங்கள் நாய் சிலை மாதிரி நின்றுவிடுகிறது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்துக் கூட்டிப்போகலாமா?
– மணப்பெண், கோவை

வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. மயக்கும் மருந்து உடல் வெப்பத்தைச் சீராக்கும் திறனையும் குறைத்துவிடும். வெயில் நாளில் அது இரட்டை ஆபத்து.

இரண்டு வாரம் போதும். முதல் இரண்டு நாள் துணியைத் தரையில் போட்டு அதன் மேலேயே தீனி வையுங்கள். மூன்றாம் நாள் முதுகில் போட்டு, பட்டி கட்டாமல், ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்து எடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் பட்டி கட்டி ஒரு நிமிடம். பிறகு மூன்று, ஐந்து, பத்து. உடையோடு நடைக்குக் கூட்டிப்போவது பத்தாம் நாளில். எந்த நாளிலாவது காது பின்னால் ஒட்டிக்கொண்டாலோ, பசியில்லாமல் உதட்டை நக்கினாலோ, அடிக்கடி கொட்டாவி விட்டாலோ முந்தைய நாள் அளவுக்கே திரும்புங்கள். தீனி உடை மேலிருக்கும்போது மட்டும்தான். கழற்றிய பிறகு கொடுத்தால் கழற்றுவதுதான் பரிசு என்று கற்றுக்கொள்ளும்.

கூடவே நாதஸ்வரம், தவில் பதிவு ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஒலிக்கவிட்டு, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டுங்கள். நாய் உடையைப் பொறுத்துக்கொண்டு கெட்டிமேளத்தில் மிரண்டு ஓடுவதுதான் அதிகம் நடக்கிறது. பதினான்காம் நாளும் சிலையாகத்தான் நிற்கிறது என்றால் உடையை விட்டுவிடுங்கள். குளித்துச் சீவிய நாய்க்குப் புதுக் கழுத்துப்பட்டை ஒன்றே கல்யாணக் களைதான். குளியல் இரண்டு நாள் முன்பே முடியட்டும். அன்று காலை குளிப்பாட்டி, ஈரம் காயாமல் மேலே துணி போட்டால் அரிப்பு நிச்சயம்.

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு எந்த அளவு உடை வாங்கினாலும் பொருந்தவில்லை. மார்புக்குச் சரி என்றால் இடுப்பில் தொளதொள.
– விருதுநகர் வாசகர்

ரெடிமேட் உடைகளின் அளவு அட்டை லேப்ரடார், பீகிள் போன்ற உருண்டை உடம்புக்குப் போட்டது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கான உடல். மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். முதல் பதிலில் சொன்ன போர்வையே இவற்றுக்கும் ஏற்றது, இரண்டு திருத்தங்களோடு. பின்பாதியில் அகலத்தை இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் சாய்வாகக் குறையுங்கள். இடுப்பில் பட்டி போடும் ஆசை வேண்டாம், அது முன்னோக்கி நழுவி ஆண் நாய்க்கு வேண்டாத இடத்தில் நிற்கும். இரண்டாவது, இவற்றின் முடி குட்டை, தோல் மெல்லியது. பட்டிக்கும் மல் துணி சுற்றியாக வேண்டும்.

உடையைவிடக் கவலை கழுத்துப்பட்டை. இந்த நாய்களின் தலை கழுத்தைவிடக் குறுகல், பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை காது வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆளில்லை. இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் பட்டை, ஒன்றரை இன்ச் அகலத்தில் வாங்குங்கள். அதன் மேல் உங்கள் வீட்டுப் பட்டுத் துணியைச் சுற்றித் தைத்தால் அதுவே அலங்காரம். கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாகத் தென்மாவட்டங்களில் சொல்வதுண்டு. அந்த வகையில் அது அழையா விருந்தாளி அல்ல.

எங்கள் பெர்ஷியன் பூனைக்குப் பட்டுப் பாவாடை தைக்கலாமா?
– திருச்சி வாசகி

வேண்டாம். பெரும்பாலான பூனைகள் உடம்பில் துணி பட்டதும் பதுங்கும், பக்கவாட்டில் சாயும், பின்னால் நடக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் அதற்குத் தன் உடம்பின் சமநிலையே புரியாமல் போயிருக்கும். இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த கழுத்துப்பட்டையில் 2 இன்ச் பட்டு ‘போ’ ஒன்று தைத்து, வீட்டிலேயே மணமக்களோடு ஒரு படம் எடுங்கள். தொங்கும் ரிப்பன், ஜரிகை இழை, குஞ்சம் எதுவும் கூடாது. பூனையின் நாக்கு முள் பின்னோக்கியது, நூலைக் கடித்தால் துப்ப வராது, விழுங்கியே தீரும். குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சைவரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மண்டபத்துக்கு அழைத்துப் போகவே வேண்டாம்.

நாய்க்குக் குட்டி மாலை, நெற்றியில் குங்குமம், பாதத்தில் மருதாணி – எது சரி, எது ஆகாது?
– தஞ்சாவூர் வாசகி

மாலைக்கு மல்லிகையும் முள் நீக்கிய ரோஜாவும் பயமில்லாதவை. சிவப்பு வேண்டும் என்று பூக்காரர் அரளி சேர்த்துக் கட்டுவதுண்டு. அதை முன்பே தடுத்துவிடுங்கள். செவ்வரளியோ மஞ்சள் அரளியோ, பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சாமந்தி சில நாய்களுக்கு அரிப்பும் வாந்தியும் தரும். ரிசப்ஷன் மேடையில் வைக்கும் லில்லி பொக்கேயை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பூனை இருந்தால் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

கட்டுவது வாழைநாரில். ஜிகினா, நைலான் நூல், உள்ளே கம்பி எதுவும் ஆகாது. கழுத்து 18 இன்ச் என்றால் மாலைச் சுற்று 24 போதும். அதைவிட நீண்டால் முன்னங்கால் உள்ளே நுழையும். ஒரு இடத்தில் மட்டும் ஒற்றை நாரால் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எங்காவது மாட்டினால் அங்கே அறுந்து விழட்டும். முடிந்தால் உதிரியாக எடுத்து உடையின் மேல் ஊசிநூலால் தைத்துவிடலாம். குண்டூசி, சேஃப்டி பின் வேண்டாம்.

குங்குமம் ஆகாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாயப்பொடி, நாய் முகத்தைத் தரையில் தேய்த்ததும் கண்ணுக்குள் போகும். கல்லில் இழைத்த சந்தனம் ஒரு பொட்டு வைத்து, படம் எடுத்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். மஞ்சள் தீங்கில்லை, ஆனால் வெள்ளை முடியில் ஏறிய கறை கல்யாண ஆல்பம் வரும்வரை நிற்கும். கருப்பு மருதாணிக் கோன் கூடவே கூடாது. அதில் கலக்கும் தலைமுடிச் சாயம் தோலைப் புண்ணாக்கும், நாயோ பாதத்தை நக்காமல் விடாது. அத்தரும் சென்ட்டும் நமக்குத்தான் வாசனை.

எங்கள் பச்சைக்கிளியை வரவேற்பில் கூண்டோடு அலங்கரித்து வைக்கலாமா?
– ஈரோடு வாசகர்

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டை அலங்கரிக்கும் முன் வனத்துறையிடம் பேசுங்கள்.

சர்ச் கல்யாணம். மோதிரத்தை நாய் கொண்டுவந்து தர வேண்டும் என்று மணமகன் விருப்பம்.
– தூத்துக்குடி வாசகி

ஆலயத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். மார்புப்பட்டையின் முதுகில் 4 இன்ச் மெத்தை ஒன்றை டிச் பட்டனால் மாட்டி, அதில் விலை குறைந்த மோதிரங்களைத் தைத்துவிடுங்கள். அசல் மோதிரங்கள் தோழன் சட்டைப் பையில். அதற்குப் பழகியவர் ஒருவர் பீடத்தருகே தீனியோடு நின்றால் நேரே போகும். வழவழப்பான தரையில் ஷூ போடாதீர்கள், பாத விரல்களுக்கு இடையிலுள்ள முடியைக் கத்தரித்துவிட்டால் வழுக்காது. நாயைப் பார்த்துக்கொள்ள என்றே ஒருவர், அன்று வேறு வேலை இல்லாதவர், வேண்டும். அண்ணன், தம்பி வேண்டாம். அவர்களை யாராவது படத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கோபூஜைக்குப் பசுவும் கன்றும் வருகின்றன. கொம்புக்கு வண்ணம் அடிக்கலாமா?
– திண்டுக்கல் வாசகர்

மாட்டுப் பொங்கலுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட் வேண்டாம். அதன் நெடியும், மாடு ஒன்றையொன்று நக்கும்போது உள்ளே போகும் சாயமும் நல்லதல்ல. கொம்பை நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, மஞ்சளும் காவியும் தண்ணீரில் குழைத்துப் பட்டை போடுங்கள். கொம்பின் அடியில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள், அங்கே தோல் உணர்ச்சி மிகுந்தது. புது நைலான் கயிறு கழுத்தை அறுக்கும், பழகிய நூல் கயிறே இருக்கட்டும். கன்றுக்கு ஒரே ஒரு சலங்கை போதும். முதுகுத் துணி காட்டன், பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

பூஜை முடிந்ததும் ஆளாளுக்கு வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், பந்தியில் மிஞ்சிய சோறு என்று ஊட்டுவார்கள். பழக்கமில்லாத சோறு அளவுக்கு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடிப் படுத்துவிடும். ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி வாசலில் வைத்து, ஊட்ட விரும்புகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.