குடத்துக்குள் யார் பெயர்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. ஒருவர் திண்டுக்கல்லில் ஆசிரியர், மற்றவர் மஸ்கட்டில் இன்ஜினியர். இருவருமே விசுவாசிகள், நம்ம ஆட்கள்தான். மூன்று வாரமாக உபவாசித்து ஜெபித்தும் தேவசித்தம் எதுவென்று தெளிவாகவில்லை. திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார் என் நாத்தனார். போடலாமா? அது அவிசுவாசமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சீட்டு! மதுரைப் பக்கம் இந்தச் சொல் காதில் விழுந்தால் கர்த்தரா ஞாபகத்துக்கு வருகிறார்? ஏலச்சீட்டுதான். மாதம் கட்டுவது 5,000 ரூபாய். 20 பேர், 20 மாதம், ஒரு லட்சம். அதில் சேருவதற்கு முன்னால் நம் தாய்மார்கள் நடத்துகிற விசாரணையைப் பார்த்தால் போலீஸ்காரரே குறிப்பெடுத்துக்கொள்வார். சீட்டு பிடிக்கிறவருக்குச் சொந்த வீடா, வாடகையா? போன சீட்டு ஒழுங்காக முடிந்ததா? மற்ற 19 பேர் யார் யார்? மூன்றாம் மாதமே ஏலம் எடுத்துவிட்டு நாலாம் மாதம் ஒருத்தி கட்டாமல் போனால் யார் ஜாமீன்? 1982ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்ததா, வெறும் நோட்டுச் சீட்டா? கமிஷன் உச்சவரம்பை 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார்களே, நீங்கள் எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று மடக்குகிறவர்களும் உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்கு இத்தனை கேள்வி. மகளுக்கு இரண்டு துண்டுக் காகிதம்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். வேதாகமத்தில் சீட்டு உண்டு. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்கிறது நீதிமொழிகள் 16:33. யூதாஸின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டில்தான், அப்போஸ்தலர் 1:26. இந்த 26ஐ மட்டும் பிடித்துக்கொண்டு காகிதம் கிழிக்கிறவர்கள் 21, 22ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அங்கே கூடியிருந்தது ஏறக்குறைய 120 பேர். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள்முதல் இயேசு பரமேறிய நாள்வரை கூடவே இருந்தவர்தான் வேண்டும் என்று பேதுரு முதலில் தகுதியைச் சொல்கிறார். அப்படிச் சலித்து எடுத்து நிறுத்தியது இரண்டே பேர்: பர்சபா என்கிற யோசேப்பு, மத்தியா. பிறகு ஜெபம். அதற்கும் பிறகுதான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் ஆவியானவர் இறங்குகிறார். அதற்கப்புறம் சபை எந்த முடிவுக்கும் சீட்டைத் தொட்டதாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை. விருத்தசேதனச் சண்டை 15ஆம் அதிகாரத்தில் வந்தபோது எருசலேமில் உட்கார்ந்து வாதாடித்தான் தீர்த்தார்கள்.

நம் ஊர்க் குடவோலையும் இதே வரிசைதான். உத்திரமேரூர் என்று எழுதியதுமே 'உலக ஜனநாயகத்தின் தாய்வீடு' என்று கார்டு போடுகிற மேலூர் அன்பர் இப்போதே பேனாவைத் திறந்திருப்பார். ஐயா, மூடுங்கள். அந்த முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைக் கொஞ்சம் படியுங்கள். 30 குடும்பு, நம் வார்டு மாதிரி. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. வாரியம் என்கிற குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது, அவன் சொந்தக்காரன் பெயரும் போகாது. பெண்களுக்கு இடமே இல்லை. இத்தனைக்கும் அப்புறம்தான் விவரம் தெரியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஓலையை எடுப்பான். ஆக, சிறுவன் கைபோட்டது கடைசியில்தான். ஊரின் யோக்கியதை முழுக்க அதற்கு முந்திய பட்டியலில் இருக்கிறது.

வீட்டில் போடுகிற சீட்டு எப்படிக் கோணலாகப் போகும் என்பதும் தெரிந்ததே. அம்மாவுக்குப் பிடித்த வரன் பெயர் இரண்டு மடிப்பு, பிடிக்காதது நாலு மடிப்பு. குழந்தை மேலே இருப்பதைத்தான் எடுக்கும். வந்தது பிடிக்கவில்லையா, 'சரியாகக் குலுக்கவில்லை' என்று இன்னொரு தடவை. அதிலும் சரிவரவில்லையா, மூன்றில் இரண்டு. மூன்றில் இரண்டு என்று கர்த்தரிடம் பேரம் பேசுகிற துணிச்சல் ஆபிரகாமுக்கு அப்புறம் நம்மவர்களுக்குத்தான். பக்கத்துத் தெருவில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்துப் பார்த்தால் அதை அஞ்ஞானம் என்கிறோம். நாம் பூவுக்குப் பதில் பேப்பர் வைக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரியவர்களும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். மெதடிஸ்டுகளின் மூலவர் ஜான் வெஸ்லி 1737 மார்ச்சில் அமெரிக்க ஜார்ஜியாவில் சோபி ஹாப்கியைக் கட்டலாமா என்று மூன்று சீட்டு எழுதினார்: கல்யாணம் செய், இந்த வருஷம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. வந்தது மூன்றாவது. அதே மாதம் அந்தப் பெண் வேறொருவரை மணந்தார். வெஸ்லி நினைக்காமல் இருந்தாரா? ஆகஸ்ட்டில் அந்தப் பெண்ணுக்கு ஆலயத்தில் இராப்போஜனம் (நற்கருணை) மறுத்தார், விவகாரம் நீதிமன்றம் ஏறியது, டிசம்பரில் மனிதர் கப்பல் ஏறிவிட்டார். சீட்டு அவர் கையில் ஒரு பதிலைக் கொடுத்தது. மனசு அந்தப் பதிலுக்குத் தயாராகியிருக்கவில்லை.

இனி உங்கள் கேள்வியில் என்னை உறுத்துகிற சொல். சீட்டு இல்லை, 'நம்ம ஆட்கள்'. அம்மா, உங்கள் குடத்திலும் பட்டியல் போட்டுத்தான் பெயர் விழுந்திருக்கிறது. சாதி பார்த்தாயிற்று, சம்பளம் பார்த்தாயிற்று, நிறமும் உயரமும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சலித்தெடுப்பில் எந்தக் கட்டத்திலாவது கர்த்தரைக் கேட்டீர்களா? மிஞ்சிய இருவரில் ஒருவரை எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் அவர் வரவேண்டும். வேறு சாதி வரன் வந்தால் 'ஜெபித்தோம், உள்ளத்தில் சமாதானம் இல்லை' என்று திருப்பி அனுப்புகிற வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பல தடவை வைதாயிற்று. இனியும் வைவேன்.

ஜெபத்தோடு செய்ய வேண்டியது விசாரணை. திண்டுக்கல்காரர் அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, தனியாரா? உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகம் கொடுத்த ஆணை மட்டும் போதாது, கல்வித்துறையின் நியமன ஒப்புதல் வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஒப்புதல் வராமல் சம்பளத்துக்குக் கோர்ட்டில் காத்திருக்கிறவர்கள் உண்டு. மஸ்கட்காரரின் குடியிருப்பு அட்டையில் தொழில் என்று என்ன போட்டிருக்கிறது? இன்ஜினியரா, டெக்னீஷியனா? அந்த வேலையிலும் சம்பளத்திலும் மனைவியை அழைத்துப்போக விசா கிடைக்குமா? வங்கிக் கடன் எவ்வளவு? அங்கே கடன் நிலுவை வழக்கானால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மஸ்கட்டில் ரூவியிலும் காலாவிலும் ஆலய வளாகங்கள் இருக்கின்றன. எந்த ஆராதனைக்குப் போகிறார், போதகர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். யோசுவா 9இல் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் பீற்றல் திராட்சரசத் துருத்தியையும் காட்டித் தூர தேசத்தார் என்று ஏமாற்றினார்கள். இஸ்ரவேலர் அவர்கள் காட்டியதை மட்டும் பார்த்தார்கள், கர்த்தரையும் கேட்கவில்லை. மூன்று நாளில் தெரிந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள்.

'விசுவாசி' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சி.எஸ்.ஐ., அவர்கள் பெந்தெகொஸ்தே என்றால் தாலி உண்டா, பெண் நகை போடலாமா, மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களா என்பதை நிச்சயத்துக்கு முன்னால் வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க' என்றால் எத்தனை பவுன் என்பதையும்தான். 1961இலிருந்து சட்டம் தடுக்கிற சமாச்சாரம் அந்த வாக்கியத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்குப் பிறகும் இருவரும் சமமாக நின்றால், 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் தெ நொபிலி சேர்ந்திருந்த இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார். கத்தோலிக்க முறை என்று முகம் சுளிக்காதீர்கள். மனசைத் தராசு முள் மாதிரி நடுவில் நிறுத்தி, ஏற்றால் என்ன நன்மை, என்ன தீமை, விட்டால் என்ன நன்மை, என்ன தீமை என்று நாலு பத்தி எழுத வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் இதே பிரச்சினையோடு வந்தால் என்ன யோசனை சொல்வோமோ, அதை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். மனம் சோர்ந்து இருண்டு கிடக்கிற நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பதும் அவர் விதி. மூன்று வார உபவாசத்தின் களைப்பையும் இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சபையே நமக்காக ஓர் ஓலை வைத்திருக்கிறது. மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பது எதற்கு? தடை தெரிந்தவர் எழுந்து சொல்வதற்கு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று அனுமதி வாங்கி அதைச் சுருக்கினால், ஊர் வாயைத் திறக்கும் முன் பந்தி முடிந்துவிடும்.

அடையாளம் கேட்டுப் பெண் பார்த்த கதை ஆதியாகமம் 24. ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் பத்து ஒட்டகத்துக்குத் தண்ணீர். தாகமுள்ள ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர் குடிக்கும். குணத்தைப் பார்க்க அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. அடையாளம் அப்படியே பலித்தது, வீட்டார் சம்மதித்தார்கள். அதோடு முடிக்காமல் 58ஆம் வசனத்தில் ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். 'போகிறேன்' என்கிறாள்.

உங்கள் கடிதத்தில் நாத்தனார் பேசியிருக்கிறார், நீங்கள் பேசியிருக்கிறீர்கள். மகள் என்ன சொன்னாள்? கேட்டு எழுதுங்கள். அந்தக் குடியிருப்பு அட்டையில் என்ன தொழில் போட்டிருந்தது என்பதையும்.